தொடப் பழகுதல்: கைரோபிராக்டிக் கல்லூரியும் வர்ம ஆசானும்

கைரோபிராக்டிக் துறையினர் தங்கள் வைத்தியத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுவது 1895 செப்டம்பர் 18. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள டேவன்போர்ட் நகரில், அதுவரை காந்த சிகிச்சை பார்த்துவந்த டேனியல் டேவிட் பால்மர் அன்றுதான் ஹார்வி லில்லர்டு என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பைக் கையால் அழுத்தி நகர்த்தினார். இடுக்கான இடத்தில் குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ விலகியது, அதிலிருந்து காது மந்தமாகிவிட்டது என்பது லில்லர்டு சொன்ன கதை. அழுத்தியதும் காது கேட்டது என்பது பால்மர் சொன்ன கதை.

அதற்கு அடுத்த மாதம், 1895 அக்டோபரில், இங்கே நம் பக்கம், சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு முல்லைப் பெரியாறு அணையைத் திறந்து வைத்தார். மேற்கே ஓடிய ஆறு மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட, கூடலூர் முதல் கீழே உள்ள கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களெல்லாம் இருபோக நெல் கண்டன. தண்ணீர் வந்ததும் குனிந்து செய்யும் வேலையும் கூடவே வந்தது. நாற்று நடவு, களையெடுப்பு, கதிர் அறுப்பு என்று பள்ளத்தாக்கின் முதுகுகள் குனிந்தன.

இன்று அந்தக் குனிவோடு இன்னும் பல வகை உடல்பாடுகள் சேர்ந்துவிட்டன. கம்பம், சுருளிப்பட்டி பக்கம் திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்து பார்த்தால் தெரியும். கொடி தலைக்கு மேலே ஓடுகிறது. கவாத்து வெட்டுபவரும் குலை அறுப்பவரும் கழுத்தை அண்ணாந்து, இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கியபடியே நாளெல்லாம் நிற்கிறார்கள். இங்கே ஆண்டு முழுக்கத் திராட்சை அறுப்பு உண்டு; அந்தக் கழுத்துக்கு ஓய்வுக் காலம் என்று ஒன்று கிடையாது. மலைக்கு ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர்களின் பாடு வேறு. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக விடியுமுன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிப் போகிறார்கள். ஏலக்காய் காய்ப்பது செடியின் மேலே அல்ல. தூரடியில், தரையோடு படரும் சரங்களில். காய் எடுப்பவர் செடிக்குச் செடி குந்தியும் குனிந்தும்தான் நகர முடியும். மாலையில் அதே ஜீப்பில் அதே குலுக்கல்.

இவர்களுக்கு இடுப்புப் பிடித்தால் முதலில் வீட்டில் நல்லெண்ணெய் காய்ச்சிப் போட்டு நீவுவார்கள். பிறகு சுளுக்கு எடுப்பவர். பிறகு அரசு மருத்துவமனை, அங்கே சித்த மருத்துவப் பிரிவு, அல்லது இயன்முறை சிகிச்சை. இப்போது நான்காவதாக ஒன்று வந்திருக்கிறது: கைப்பேசி வீடியோ. யாரோ ஒருவர் இன்னொருவர் கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு, மடக்கென்று ஒரு சத்தம், படுத்திருந்தவர் முகத்தில் சிரிப்பு. "அண்ணே, ஒரே ஒரு சொடக்கு எடுத்துவிட்டா சரியாயிரும்ல? இதப் படிக்கணும்னா எங்கண்ணே சேரணும்?" என்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன்கள் என்னிடமே கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் இரண்டு பயிற்சிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, அமெரிக்கக் கைரோபிராக்டிக் கல்லூரி தன் மாணவருக்குத் தருவது. மற்றது, வர்ம ஆசானிடம் தொடங்கி இன்று சித்த மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்திருக்கும் நம் ஊர்ப் பயிற்சி. இரண்டுமே மருந்தை அல்ல, கையை நம்பி நிற்பவை.

வாசலில் இருந்து தொடங்கலாம். பால்மர் 1897இல் தொடங்கிய பள்ளியில் ஆரம்ப கால மாணவர்கள் படித்தது மிகக் குறுகிய காலம். மருத்துவ உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்தார் என்று 1906இல் பால்மரே சிறைக்குப் போனார். 1913இல் கான்சாஸ் மாநிலம் முதன்முதலாகக் கைரோபிராக்டிக்குக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. கடைசி மாநிலமான லூசியானா தந்தது 1974இல். இந்த அறுபது ஆண்டுப் போராட்டம்தான் அந்தப் படிப்பின் இன்றைய வடிவத்தைச் செதுக்கியது. வெளியே கேள்வி கேட்பவர்கள் அதிகம் இருந்ததால் உள்ளே பாடத்திட்டம் கனத்தது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முழுநேரமாக நான்கு ஆண்டு, குறைந்தது 4,200 மணி நேர வகுப்பு, அதில் குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையோடு நோயாளியைப் பார்க்கும் பயிற்சி என்று வரையறுக்கிறது. அமெரிக்காவில் இதில் சேரும் முன்பே இளநிலைப் படிப்பின் பெரும்பகுதியை முடித்திருக்க வேண்டும். உள்ளே போனதும் முதலில் உடற்கூறு. பிணத்தை அறுத்துப் பார்க்கும் மேசை. பிறகு உடலியங்கியல், எக்ஸ்ரே வாசிப்பு, நரம்புப் பரிசோதனை. முடிவில் தேசியத் தேர்வு வாரியத்தின் நான்கு கட்டத் தேர்வு.

வர்மத்தில் வாசல் வேறு மாதிரி. நாஞ்சில் நாட்டு அடிமுறைத் தற்காப்புக் கலை ஆசான்களிடம் சீடனாகப் போனவனுக்கு மணிக்கணக்கு கிடையாது. பன்னிரண்டு ஆண்டு கூட வைத்துப் பார்த்துவிட்டே சொல்ல வேண்டும் என்று வர்ம ஏடுகள் பேசும். காரணம் தெளிவானது. குணப்படுத்தும் இடமும் அடித்துச் சாய்க்கும் இடமும் ஒன்றே. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்கள். அவற்றை ஒரு முன்கோபக்காரன் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்ற அச்சம் ஆசானுக்கு இருந்தது. ஆகவே அங்கே சோதிக்கப்பட்டது சீடனின் அறிவைவிட அவன் குணம். அமெரிக்க நுழைவில் இதற்கு ஈடான சோதனை எதுவும் எனக்குத் தென்படவில்லை. இழப்பும் உண்டு: குணம் பார்த்துக்கொண்டே இருந்த ஆசான்கள் பலர் யாருக்கும் சொல்லாமலே போய்விட்டார்கள்.

1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்த பிறகு வர்மமும் படிப்படியாகப் பாடமானது. இன்று நீட் எழுதிச் சேர்ந்து, பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு படிக்கிற இளநிலைச் சித்த மாணவருக்கு வர்மமும், நீவிப் பிடிக்கும் தொக்கணமும், புறமருத்துவமும் பாடத்தில் உண்டு. பட்டம் இல்லாத பரம்பரை வைத்தியர்கள் மருத்துவத் தொழில் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்துவிட்டதால், ஆசானிடம் மட்டுமே கற்றவருக்குச் சட்டப்படி வழி அடைபட்டுவிட்டது. டேவன்போர்ட்டில் வைத்தியம் சட்டத்துக்குள் வந்தபோது அதைச் செய்தவர்களும் கூடவே உள்ளே வந்தார்கள். இங்கே வித்தை உள்ளே வந்தது. ஆசான் வெளியே நின்றுவிட்டார். இது என்னை உறுத்துகிற இடம்.

இனி கைக்கு வருகிறேன். கைவழி வைத்தியம் படிக்கும் மாணவர்களுக்குத் தரப்படும் ஒரு பழைய பயிற்சி உண்டு. ஒரு தலைமுடியைக் காகிதத்துக்கு அடியில் வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் முடி எங்கே கிடக்கிறது என்று தேட வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் மேலே இன்னொரு தாள். பிறகு இன்னொன்று. தாள் கூடக்கூட, அழுத்தித் தேடுகிற மாணவர் தோற்றுப்போவார்; விரலைத் தளர்த்தித் தேடுகிறவருக்கு முடி அகப்படும். தோலுக்கும் கொழுப்புக்கும் தசைக்கும் அடியில் ஒரு முள்ளெலும்பின் முனையைத் தேடுவது இப்படித்தான் பழகுகிறது. அதன் பிறகே சக மாணவரின் முதுகு. இரண்டு இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் இரண்டு கையால் பிடித்துக் குறுக்கே ஒரு கோடு நினைத்தால், பெரும்பாலானோருக்கு அது நான்காம் இடுப்பு முள்ளெலும்பு அருகே வந்து நிற்கும். அங்கிருந்து மேலே எண்ணிக்கொண்டு போக வேண்டும். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் எண்ணிச் சரிபார்ப்பார். இருவர் கணக்கும் அடிக்கடி பொருந்தாது. அந்தப் பொருந்தாமையைப் பார்ப்பதே நல்ல பாடம்.

அடுத்தது தள்ளுதல். கைரோபிராக்டிக் திருத்தம் என்பது மெதுவான அமுக்கல் கிடையாது. மூட்டை அதன் அசைவின் எல்லை வரை கொண்டுபோய், அங்கே நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் ஒரு சிறு தள்ளல். கழுத்துக்கு ஏறத்தாழ 100 நியூட்டன், மேல்முதுகுக்கு 400 வாக்கில் என்று அளந்திருக்கிறார்கள். அந்த வேகத்தை ஆளின் மேல் பழக முடியாது. ஆகவே முதலில் வில் பொருத்திய பலகையில் பழகுவார்கள். இப்போது சில கல்லூரிகளில் விசையை அளக்கும் மேசை வந்திருக்கிறது. மாணவர் தள்ளியதும் திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். எவ்வளவு விசை, எவ்வளவு நேரம், தள்ளுவதற்கு முன்பே கை தயங்கியதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடி கிடைத்தது போல அது.

வர்மத்தில் இடத்தை அளப்பது விரற்கடையில். யாருடைய விரல்? நோயாளியின் விரல். மெலிந்த கிழவிக்கும் வாட்டசாட்டமான சுமைதூக்கிக்கும் ஒரே சென்டிமீட்டர் கணக்குப் பொருந்தாது என்பதை இந்த முறை தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. விசையை அளப்பது மாத்திரையில்: கால், அரை, முக்கால், முழு. தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது தொழில்கள் பிரித்துச் சொல்லப்படுகின்றன. கையின் வேலையை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தவர்கள் கையைப் பற்றி ஆழ்ந்து யோசித்தவர்கள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கால் மாத்திரை என்பது எவ்வளவு? ஆசான் சீடனின் கையைப் பிடித்து, அவன் உடம்பிலேயே அழுத்திக் காட்டினால் அவனுக்குத் தெரியும். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிப் போட்டால் தெரியாது. அடுத்த ஆசானின் கால் மாத்திரையும் இதுவேதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. அந்த விசை மேசை ஒன்று பாளையங்கோட்டையிலும் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் இருந்து, தேர்ந்த ஆசான்களைக் கூப்பிட்டு ஒவ்வொரு மாத்திரையையும் அழுத்தச் சொல்லிப் பதிந்து வைத்தால், நம் வித்தைக்கு அதைவிடப் பெரிய பணி இருக்க முடியாது.

சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த மடக்கென்ற ஒலி எலும்பு இடம் மாறியதற்கு அடையாளம் கிடையாது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015இல் ஓடும் எம்.ஆர்.ஐ. படத்தில் விரல் மூட்டைச் சொடக்கெடுத்துப் பார்த்தார்கள்; மூட்டு நீருக்குள் ஒரு வாயுக்குழி உண்டாகும் கணத்தில் ஒலி வந்தது. சத்தம் வராமலே வலி குறையலாம், சத்தம் வந்தும் குறையாமல் போகலாம். வர்மத்தில் சத்தமே இல்லாததால் வீடியோக்காரர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. நாலைந்து நாள் பட்டறைக்குப் போய்வந்து அடுத்தவர் கழுத்தைத் திருப்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. கழுத்தைத் திருப்பித் தள்ளிய பிறகு மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அவை அரிது, காரணம் திருப்பியதுதானா என்ற விவாதமும் நடக்கிறது. ஆயினும் 4,200 மணி நேரம் படித்தவரே தயங்கித் தொடுகிற இடம் அது.

இந்தத் தயக்கத்தைக் கற்றுத் தருவதில்தான் இரண்டு பள்ளிகளும் மிக நெருங்கி வருகின்றன. பயிற்சியின் பாதி எப்போது கை வைக்கக் கூடாது என்பதே என்று நான் நினைக்கிறேன். கைரோபிராக்டிக் மாணவர் நோயாளியை மேசையில் படுக்க வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. இரவில் படுத்தாலும் வலி விடவில்லையா? காய்ச்சல் வருகிறதா? காரணம் இல்லாமல் எடை குறைந்ததா? முன்பு புற்றுநோய் இருந்ததா? விழுந்தீர்களா? சிறுநீர் அடைபடுகிறதா, உட்காரும் இடம் மரத்துப்போகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் கையை எடுத்துக்கொண்டு அடுத்த பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கேள்விகள் அமெரிக்காவைவிட நம் பள்ளத்தாக்குக்கே அதிகம் வேண்டியவை. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, முதுகெலும்பையும் அரிக்கும். மாதக்கணக்கில் நடுமுதுகு வலி, சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு என்று வரும் ஏலக்காட்டுத் தொழிலாளிக்கு அது இருக்கலாம். "சுளுக்குத்தான், ஒரு தள்ளு தள்ளினால் சரி" என்று அரித்துப்போன எலும்பின் மேல் விசையை இறக்கினால் கால்கள் செயலிழந்துபோகக் கூடும். ஒரு எக்ஸ்ரே, சில ரத்தப் பரிசோதனைகள், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ., அதற்கு க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை ஒரு பஸ் பயணம். அதற்குப் பிறகு தொடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

ஆசான் மரபில் இதே எச்சரிக்கை வேறு வடிவில் இருக்கிறது. இளக்குமுறை தெரியாதவன் வர்மத்தில் கை வைக்கக் கூடாது. வர்மம் கொண்டு விழுந்தவனை எழுப்பும் முறைகள், அடங்கல் இடங்கள், அதற்கான மருந்து, கஞ்சி, பத்தியம், இன்ன நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்ற கெடு எல்லாம் அதில் அடக்கம். தன் கையால் கெட்டது நடந்தால் அதைத் திருப்பத் தெரிய வேண்டும் என்ற பொறுப்பு அது. கைரோபிராக்டிக் மாணவர் நோயாளிக்குள் ஏற்கனவே ஒளிந்திருக்கும் ஆபத்தைத் தேடக் கற்கிறார். வர்மச் சீடன் தன் கைக்குள் இருக்கும் ஆபத்தைத் தெரிந்துகொள்ளக் கற்கிறான். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு முழு வைத்தியர். என்னைக் கேட்டால் முதலாவதற்கே ஒரு பங்கு கூடுதலாக இடம் தருவேன். முதுகெலும்புக் காசநோயை இளக்கு கொண்டு திருப்ப முடியாது.

கொள்கை விஷயத்தில் இரண்டு பள்ளி மாணவர்களும் ஒரே சங்கடத்தில் இருக்கிறார்கள். முள்ளெலும்பு சிறிதே விலகி நரம்பை அமுக்குவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்று பால்மர் நம்பினார். அந்த விலகலைச் சோதனையில் யாரும் நிலைநாட்டவில்லை. கேட்கும் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, முதுகு வழியே போவதில்லை. எனவே லில்லர்டு கதைக்கே அடிப்படை ஆட்டம் காண்கிறது. ஆனால் இடுப்புவலிக்குக் கைவழித் திருத்தம் ஓரளவு பயன்படுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிய இடுப்புவலிக்கு மருந்துக்கு முன் முயலத்தக்கவற்றில் அதையும் சேர்த்தது. கூடவே ஒத்தடத்தையும் மசாஜையும் சேர்த்தது என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். இந்தச் சண்டை அமெரிக்கக் கல்லூரிகளுக்குள் வெளிப்படையாக நடக்கிறது. ஒரு சாரார் பால்மரைப் பிடித்துத் தொங்குகிறார்கள், மறுசாரார் ஆய்வைப் பார் என்கிறார்கள். நம் சித்த வகுப்பறைகளில் வர்மத்தைப் பற்றி அதே கேள்வியை ஒரு மாணவர் எழுந்து கேட்டால் அது அவமரியாதையாகிவிடுமோ என்ற தயக்கம் இன்னும் இருக்கிறது. அந்தத் தயக்கம் போக வேண்டும். அகத்தியர் பெயரில் வந்ததையும் அளந்து பார்க்கலாம்.

கம்பத்துப் பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிச் சட்டமோ பதிவு மன்றமோ கிடையாது. வெளிநாட்டுக்குப் போய்ப் பெருங்கடன் பட்டு அந்தப் பட்டம் வாங்கித் திரும்பினாலும், அந்தப் பட்டத்தைப் பதிந்துகொள்ள இங்கே ஒரு இடமில்லை. ஆகவே அந்த வாசல் இப்போதைக்கு நம் ஊர்ப் பிள்ளைக்குத் தூரம். இங்கேயே இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று சித்த மருத்துவம். முதுநிலையில் வர்மம், புறமருத்துவம் பக்கம் போகலாம். மற்றது இயன்முறை மருத்துவம். திருச்சியில் அரசுக் கல்லூரியே இருக்கிறது, 2021இல் வந்த மத்தியச் சட்டம் அந்தத் தொழிலுக்குத் தேசிய அளவில் ஓர் ஆணையமும் தந்திருக்கிறது. ஆஸ்திரேலியரான மெயிட்லாண்ட் வகுத்த மூட்டு அசைவு முறையை இயன்முறை மாணவர்கள் படிக்கிறார்கள்; அதில் நான்கு படிகள் மென்மையான அசைப்பு, ஐந்தாவது அந்த வேகமான தள்ளல். மாத்திரைக் கணக்கு இங்கேயும் வேறு வேடத்தில் வந்து நிற்கிறது. சொடக்கு ஆசையோடு வருகிற பையனை நான் இங்கேதான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். முதல் நான்கு படிகளிலேயே பல ஆண்டு நில்லு என்று சொல்லியும் அனுப்புகிறேன்.

ஒரு குறை மூன்று பாடத்திட்டத்துக்கும் பொது. மேசையில் படுத்து எழுந்த பெண் மறுநாள் விடியுமுன் ஜீப் ஏறுகிறார். அவர் கழுத்தைப் பிடிக்கப் பழகும் மாணவர், அவர் வேலை செய்யும் இடத்தைப் பார்த்ததே இல்லை. தேனி மாவட்டத்தில் பயிற்சிக் காலத்தைச் செலவிடும் இயன்முறை மாணவரையும் சித்த மாணவரையும் ஒரு மாதம் ஏலக்காட்டுக்கும் திராட்சைப் பந்தலுக்கும் அனுப்ப வேண்டும். பந்தலை இன்னும் கொஞ்சம் தாழ்த்தவோ உயர்த்தவோ முடியுமா, கவாத்து வெட்டும்போது நிற்க ஒரு பலகை போட்டால் கழுத்து தப்புமா, காய் எடுப்பவர் உட்காரத் தாழ்ந்த முக்காலி சரிவில் நிற்குமா, எத்தனை செடிக்கு ஒருமுறை நிமிர்ந்து நிற்க மேஸ்திரி விடுவார் என்பதையெல்லாம் அவர்கள் தோட்டக்காரரிடமும் வேலை செய்கிறவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு என்று பல்கலைக்கழகம் அறிவிக்க வேண்டும்.